எழுத்தறிவித்த மாயக் கதை

பிழைப்பை நாடி வடபுலம் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் பாடநூலை மூடிவைத்துவிட்டு, மந்திரப் பள்ளியில் பயிலும் சிறுவனின் கதையையோ, முகமூடி அணிந்து நகரைக் காக்கும் வீரனின் கதையையோ எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் அமர்ந்துவிடுகின்றனர். அழைத்தாலும் செவியில் விழுவதில்லை. பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். பொய்க் கதையால் பொழுது பாழாகிறது என்பது அவர்களுடைய முறையீடு. அந்த வழக்கில் நாமும் பெற்றோர் தரப்பில் நின்றவர்களே. மகனின் கையிலிருந்த தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டோம். பின்னர் இந்தி இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியைப் படிக்க நேர்ந்தபொழுது, அச்செயல் தக்கதுதானா என்ற ஐயம் நமக்கு உண்டாயிற்று. அந்தப் பகுதியையே இங்கு எடுத்துக் கூற எண்ணுகின்றோம்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்று இந்தி வழங்கும் நிலப்பரப்பின் நிலை வேறாக இருந்தது. காசி, இலட்சுமணபுரி முதலிய நகரங்களை உள்ளடக்கிய வடமேற்கு மாகாணங்களிலும் அயோத்தியிலும் நீதிமன்ற நடவடிக்கைகள் பாரசீக எழுத்தில் அமைந்த உருது மொழியில் நடைபெற்றன. உத்தியோகத்தை விரும்பியவர் உருதுவைக் கற்றனர். நாகரி எழுத்துக்கு அங்குள்ள நீதிமன்றங்களில் இடமளிக்கும் ஆணை 1900-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. நாகரி எழுத்தைப் பரப்புவதற்காகக் காசியில் நாகரி பிரசாரிணி சபை தோன்றியது 1893-இல். ஆக, 1880-களில் இந்தி நூலை எழுதுவோர் இருந்தனர். விலைகொடுத்து வாங்கி விரும்பிப் படிப்போர் மிகக் குறைவு.

நூல்கள் இல்லாமல் இல்லை. பாரதேந்து அரிச்சந்திரர் தம் குறுகிய வாழ்நாளில் நாடகங்களும் பத்திரிகைகளும் நடத்தி 1885-இல் மறைந்தார். 1882-இல் லாலா ஸ்ரீநிவாச தாசர் ‘பரீட்சா குரு’ என்ற நாவலை வெளியிட்டார். இந்தியின் முதல் நாவல் என்று பலர் அதனையே குறிப்பர். தில்லியில் வாழ்ந்த செல்வந்த வணிகர் ஒருவர் தீயோர் சேர்க்கையால் கெட்டு, நல்ல நண்பர் ஒருவரால் திருந்துவதே அதன் கதை. அறிவுரை நிரம்பிய நூல், மதிக்கத்தக்க நூல். எனினும், இளைஞர்கள் உறக்கத்தை விட்டுப் படிக்கும் நூலாக அது அமையவில்லை.

அக்காலத்து இளைஞர் உள்ளத்தை ஆண்டது வேறொரு கதை மரபு. ‘தாஸ்தான்’ எனப்படும் நெடுங்கதைகளை இரவு முழுதும் வாய்மொழியாகச் சொல்லும் கலைஞர் தில்லியிலும் இலட்சுமணபுரியிலும் வாழ்ந்தனர். அவற்றுள் தலையாயது அமீர் ஹம்சாவின் கதை. பேரரசர் அக்பர் இக்கதையில் பெரிதும் ஈடுபட்டு, ஏறத்தாழ 1562 முதல் 1577 வரை ஓவியர் குழு ஒன்றைக் கொண்டு சுமார் 1,400 பெரிய ஓவியங்களைத் துணியில் தீட்டுவித்தார். மாயக் கதையை விரும்பியவர் சிறுவர் மட்டுமல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1858-இல் தொடங்கிய இலட்சுமணபுரி நவல் கிஷோர் அச்சகம், 1883 முதல் 1917 வரை இக்கதையை 46 பெருந்தொகுதிகளாக உருதுவில் அச்சிட்டது. அத்தொகுதிகளுள் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்பது மிகுந்த புகழ் பெற்றது. திலிஸ்ம் என்பது மாயத்தால் கட்டப்பட்டதோர் உலகம். உள்ளே சிக்கியவர் அதன் இரகசியத்தை அறிந்து உடைத்தாலன்றி வெளிவர இயலாது. இச்சொல் கிரேக்கத்திலிருந்து அரபு வழியாக வந்தது. தாயத்தைக் குறிக்கும் ‘டாலிஸ்மன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரினின்று முளைத்ததே.

இம்மரபை இந்திக்குக் கொண்டுவந்தவர் தேவகி நந்தன் கத்ரி. பீகாரில் 1861-இல் பிறந்து, இளமையில் உருதுவும் பாரசீகமும் கற்று, பின்னர் காசிக்கு வந்து இந்தியும் வடமொழியும் பயின்றவர் அவர். காசி மன்னரின் ஆதரவால் சகியா, நவ்கட் ஆகிய காடுகளின் குத்தகை அவருக்குக் கிட்டியது. மரமும் பிற வனப்பொருளும் பெறும் தொழில் அது. அத்தொழிலின் பொருட்டுக் காடுகளிலும் மலைகளிலும் குகைகளிலும் பாழடைந்த கோட்டைகளிலும் அவர் நெடுநாள் அலைந்தார். பின்னர் குத்தகை கைவிட்டுப் போயிற்று. கண்ட காட்சிகள் மட்டும் கைவிடவில்லை. அவற்றைக் களமாக்கி 1888-இல் அவர் வெளியிடத் தொடங்கிய நாவலே ‘சந்திரகாந்தா’.

கதை எளியது. நவ்கட் இளவரசன் வீரேந்திர சிங், விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவை விரும்புகிறான். விஜயகட் அமைச்சரின் மகன் குரூர சிங்கும் அவளை அடைய எண்ணுகிறான். தன் எண்ணம் பலியாதபொழுது சுனார் கோட்டை மன்னன் சிவதத்தனைத் துணைக்கு அழைக்கிறான். இளவரசி ஒரு திலிஸ்மில் சிக்குகிறாள். அதனை உடைத்து அவளை மீட்பது இளவரசனின் கடமையாகிறது. நவ்கட், விஜயகட், சுனார் ஆகிய மூன்றும் கற்பனைப் பெயர்கள் அல்ல. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் தென்கிழக்கில் உள்ள இடங்களே. கங்கைக் கரையில் நிற்கும் சுனார் கோட்டையை இரயிலில் கடந்து செல்லும் நம்மவர் இன்றும் காணலாம்.

கதையின் உயிர் இளவரசனிடம் இல்லை. ‘ஐயார்’ எனப்படுவோரிடம் உள்ளது. ஐயார் என்பவர் அரசவையில் பணிபுரியும் பல்கலைத் திறவோர். உருமாறுதல், மருந்துகளை அறிதல், பாடுதல், விரைந்தோடுதல், படைக்கலம் பயிலுதல், ஒற்றறிதல் ஆகிய அனைத்தும் அவர்க்குக் கைவந்தவை. தோளில் ஒரு பை; அதில் முகத்தை மாற்றும் வண்ணங்களும், மயக்கும் பொடியும், மயக்கந்தெளிவிக்கும் மணப்பொருளும் இருக்கும். மன்னர்கள் பகைகொண்டபொழுது, படைகள் மடியாமலும் குருதி சிந்தாமலும் தம் சூழ்ச்சியால் போரை முடித்துவைப்பவர் இவரே என்று கத்ரி தம் முன்னுரையில் விளக்குகிறார். வீரேந்திரனின் துணைவன் தேஜ் சிங் அத்தகையோன். இளவரசியின் தோழி சபலாவும் அத்திறனில் ஆடவர்க்குச் சளைத்தவள் அல்லள்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். தாஸ்தான்களில் பூதங்களும் சூனியக்காரரும் நிறைந்திருந்தனர். கத்ரி அவர்களைப் பெரும்பாலும் விலக்கினார். அவருடைய திலிஸ்மில் கற்கதவு திறப்பதும், பதுமை அசைவதும், தரை விலகுவதும் முற்காலத் தச்சரும் கம்மியரும் அமைத்த பொறிகளின் செயலாகவே விளக்கப்படுகின்றன. மாயம் இருந்த இடத்தில் எந்திரம் வந்து அமர்ந்தது. இருப்புப்பாதையும் தந்தியும் புதிதாக நுழைந்துகொண்டிருந்த நாட்டில் இம்மாறுதல் வியப்பன்று. எனினும், இவையெல்லாம் நடக்கக்கூடியனவா என்று கேட்டவர் பலர். மெய்யா பொய்யா என்று சோதிப்பதற்காக அன்றி, ஆவல் மிகுந்து படிப்பதற்காகவே எழுதினேன் என்பது கத்ரியின் விடை.

படிப்போர் ஆவல் உண்மையிலேயே மிகுந்தது. ‘சந்திரகாந்தா’வின் தொடர்ச்சியாகச் ‘சந்திரகாந்தா சந்ததி’ 24 பகுதிகளாக வெளிவந்தது. 1898-இல் கத்ரி காசியில் லஹரி அச்சகத்தை நிறுவினார். பின்னர் ‘பூதநாத்’ என்ற அடுத்த தொடரைத் தொடங்கி, சில பகுதிகளை எழுதிய நிலையில் 1913-இல் காலமானார். அவர் மகன் துர்கா பிரசாத் கத்ரி எஞ்சியதை எழுதி முடித்தார்.

ஆனால், நூலின் பெரும்பயன் விற்பனையில் இல்லை. உருது எழுத்து மட்டும் அறிந்த எத்தனையோ பேர், இக்கதையைப் படிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தால் நாகரி எழுத்தைக் கற்றனர். இதனைச் சொல்பவர் கத்ரியின் நண்பர் அல்லர். இந்தி இலக்கிய வரலாற்றை 1929-இல் எழுதிய ஆசிரியர் இராமச்சந்திர சுக்லர். மனிதப் பண்பையும் உணர்ச்சியையும் ஆழ்ந்து காட்டாமல், நிகழ்ச்சிகளை மட்டும் அடுக்கிச் செல்லும் இக்கதைகளைத் தூய இலக்கியத்தில் சேர்க்க இயலாது என்பது அவர் தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்கிய அதே கையால், வேறெந்த ஆசிரியரும் உண்டாக்காத அளவு வாசகரை இந்திக்கு உண்டாக்கியவர் கத்ரியே என்றும் அவர் எழுதினார். ‘பரீட்சா குரு’வின் அறிவுரை செய்யாத செயலை, ஐயாரின் தோள்பை செய்து முடித்தது.

மாயக் கதையில் மூழ்கும் சிறுவன் பிற்காலத்தில் என்னாவான் என்று கேட்பார்க்கும் ஒரு விடை உண்டு. 1890-களில் கோரக்பூரில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் உருதுக் கதைகளுக்காக ஏங்கினான். வாங்கப் பொருள் இல்லை. புத்தகக் கடைக்காரரிடமிருந்து பாடநூல் உரைகளைப் பெற்றுப் பள்ளி மாணவரிடம் விற்றுக் கொடுத்து, அதற்கு ஈடாக நாவல்களை இரவல் பெற்றுப் படித்தான். ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’வின் பல பகுதிகளையும் அக்காலத்திலேயே படித்தான். அச்சிறுவனே பிரேம்சந்த். உழவரின் கடன்சுமையையும் ஏழையின் பசியையும் ஒளிவுமறைவின்றி எழுதி, 1936-இல் ‘கோதான்’ நாவலை அளித்த அதே பிரேம்சந்த். பொய்யுலகக் கதை அவருடைய கண்ணை மெய்யுலகிலிருந்து மறைக்கவில்லை.

இந்த அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1938-இல் சூப்பர்மேனும் 1939-இல் பேட்மேனும் படக்கதைகளில் தோன்றினர். இவருள் பேட்மேன் நம் ஐயாருக்கு நெருங்கிய உறவு. பிறவியில் வந்த அதிசய ஆற்றல் ஏதும் அவனுக்கு இல்லை. பயிற்சியும் மாறுவேடமும் இடுப்புப் பட்டையிலுள்ள கருவிகளுமே துணை. 1954-இல் பிரெடெரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், இத்தகைய படக்கதைகள் சிறுவரைக் குற்றத்தில் தள்ளுகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டே அந்நாட்டு மேலவையின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர் தமக்குத் தாமே கடுமையான தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை ஆராய்ந்து கரோல் டில்லி என்பவர் 2012-இல் வெளியிட்ட கட்டுரை, சிறுவர்களின் வாக்குமூலங்கள் சிலவற்றை மருத்துவர் மாற்றியும் மிகைப்படுத்தியும் பயன்படுத்தினார் என்று காட்டிற்று.

தமிழிலும் இதையொத்த வரலாறு உண்டு. 1947-இல் சென்னையில் பிறந்த அம்புலிமாமாவும், 1972-இல் இரும்புக்கை மாயாவியுடன் தொடங்கிய முத்து காமிக்ஸும் எத்தனையோ சிறுவரைப் படிக்கும் பழக்கத்தில் ஈடுபடுத்தின. நம் தலைமுறையினர் பலர் எழுத்துக்கூட்டுதலை விட்டு ஓட்டமாகப் படிக்கக் கற்றது அவற்றிலேயே. வயது முதிர்ந்தபின் அதனை மறந்துவிடுகின்றோம்.

நேயர்களே, வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் தமிழைப் பேசுகின்றனர். படிக்கின்றனரா என்று கேட்டால் நம்மிற் பலர் தலைகுனிய நேரும். அவர்கள் தமிழ் எழுத்தைக் கற்க வேண்டும் என்று நாம் விரும்பும்பொழுது கையில் கொடுப்பது என்ன? அறநூலும் அறிவுரைக் கதையும் மட்டுமே அன்றோ? அவை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் அவை காத்திருக்கும் இயல்புடையவை. எப்பொழுது சென்றாலும் வாயிலைத் திறக்கும். அந்த வாயில்வரை பிள்ளையை ஓடிவரச் செய்வது வேறொரு நூல். அடுத்து என்ன நடந்தது என்று அறியும் தவிப்பே, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த மனிதரையும் ஒரு புதிய எழுத்தின்முன் மாணவராக உட்காரவைத்தது.

அலமாரியின் மேல்தட்டிலிருந்த புத்தகத்தை எடுத்து மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அது ஆங்கிலப் புத்தகம். அதனினும் சுவையானதொரு மாயக் கதையைத் தமிழில் தேடிக் கொடுப்பது இனி நம் பொறுப்பு. தேடத் தொடங்கியுள்ளோம். இந்தத் தேடலில் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும், ஒவ்வொரு நகரத்துத் தமிழ்ச் சங்க நூலகமும் பங்குகொள்ளுதல் நலம்.