ஒரு செயின்வீலும் ரெண்டு காத்தும்

சோளகக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வேலணைக்குச் சைக்கிள் உழக்கிப் போயிருக்கிறீங்களா? கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு மேடு கிடையாது. ஆனாலும் மூச்சு வாங்கும். தென்மேற்கிலிருந்து வாற காத்து நெஞ்சில கைவைச்சுத் தள்ளும். வேலணை தாண்டி புங்குடுதீவுத் தாம்போதியில் ஏறினால் இன்னும் மோசம். ரெண்டு பக்கமும் கடல், ஒதுங்க இடமில்லை. வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ், திரும்பி வாற வழிதான் கஷ்டம்.

ரோட் சைக்கிளுக்கு முன்னால் ஒரு செயின்வீல் போதுமா, ரெண்டு வேணுமா என்பது வெளிநாடுகளில் இப்போதும் ஓயாத விவாதம். ஒன்றென்றால் முன் கியர் மாற்றி தேவையில்லை, பாரம் குறையும், செயின் கழருவதும் குறையும். ஆனால் பின்னாலுள்ள பற்சக்கரங்களே முழுச் சுமையையும் எடுக்கவேண்டும். ஒரு கியருக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி கூடிவிடும். 2018 இல் அயர்லாந்தின் அக்வா புளூ ஸ்போர்ட் அணி ஒற்றைச் செயின்வீல் சைக்கிளோடு பந்தயங்களில் இறங்கியது. அணிக்குள்ளிருந்தே முறைப்பாடுகள் வந்தன. அந்த ஓகஸ்டிலேயே அணி கலைந்தது (சைக்கிள் மட்டும் காரணமில்லை).

எங்கட தீவுகளில் இந்த வழக்குக்கு எப்பவோ தீர்ப்பாகிவிட்டது. முன்னால் ஒன்று, பின்னாலும் ஒன்று. ராலே வந்தபோதும் அதுதான், லுமாலா வந்தபோதும் அதுதான். கியர் உலகத்தில் இல்லாததால் அல்ல. ஸ்டேமி ஆர்ச்சரின் மூன்று கியர் அச்சு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. டூர் டி பிரான்ஸ்காரர்தான் 1937 வரை டெரெய்லரை உள்ளே விடவில்லை. அவர்களுடையது வீம்பு. எங்களுடையது உப்பு. கடற்காத்தில் சின்னச் சின்ன ஸ்பிறிங், கேபிள் எல்லாம் துருப்பிடிக்கும். நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ கொண்டுபோவதென்றால் குறிகட்டுவானில் படகில் ஏற்றி இறக்கவேணும். பின்னால் தொங்குகிற டெரெய்லர் ஒரு இடி பட்டாலே வளைஞ்சிடும்.

ஆனால் இந்த எளிமைக்கும் ஒரு விலை உண்டு. முன்னால் 44 பல்லு, பின்னால் 18 என்று வைப்போம். 28 அங்குலச் சில்லில் ஒரு முழுச் சுற்று உழக்கினால் சைக்கிள் 5.4 மீற்றர் நகரும். காத்து இல்லாதபோது அருமையான கணக்கு. எதிர்காத்தில் அது 4 மீற்றராக இருந்தால் கால் தப்பும். பின்னால் 24 பல்லு வேணும். அது இல்லை. அப்ப முழங்கால்தான் அந்த வித்தியாசத்தைக் கட்டும். கரியரில் மீன்பெட்டியோ தம்பியோ இருந்தால் இன்னும் கூடுதலாக.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டபோது இந்தக் கணக்கே மாறியது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். அந்த ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்க, சனம் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது அவர்களில் பலருக்கு அது இரண்டாவது பயணம். ஹாண்டிலில் பை, பாரில் பிள்ளை, கரியரில் மூட்டை. உழக்க இடமில்லாத நெரிசலில் சைக்கிள் ஒரு தள்ளுவண்டி. அப்போது கழண்டுபோக, முறிஞ்சுபோக அதில் அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. அதைத்தான் நாங்கள் ஒற்றைச் செயின்வீலின் பக்கம் வைக்கிறோம். ஆனால் அதைக் காட்டி முழங்கால் வலியை மறைக்கிற ஆக்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

கியர் இல்லாதவர்கள் நேரத்தை மாத்தினார்கள். காத்து எழும்ப முதல், விடியற்புறத்திலேயே தாம்போதியைக் கடந்துவிடுவது. பின்னேரம் சோளகத்தை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவது. போன மாதம் நாங்கள் ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டோம். பதினொரு பற்சக்கரம் பூட்டின நண்பனின் சைக்கிளும் எங்களோடதான் மூச்சு வாங்கியது.