வாத்து வேட்டை (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

வலசை வரும் காட்டு வாத்துகளை நீர்நிலையோரம் மறைந்திருந்து, பறக்கும்போதோ இறங்கும்போதோ ரவைத் துப்பாக்கியால் சுடுவது வாத்து வேட்டை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நடக்கிறது. புதிதாக இறங்குபவருக்குக் குறிபார்த்துச் சுடும் திறனைவிடப் பறவையை அடையாளம் காணும் அறிவும் சட்ட அறிவும் முதலில் தேவைப்படுகின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டு வாத்துகளை வேட்டையாடுவதைத் தடை செய்துள்ளது. இங்கே சொல்லப்படுவது அமெரிக்க நடைமுறை மட்டுமே.

வரலாறு

வடஅமெரிக்காவில் இவ்வேட்டை ஐரோப்பியர் வருகைக்கு மிக முந்தியது. நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் 1924இல் லூவெலின் லவுட், மார்க் ஹாரிங்டன் ஆகியோர் நடத்திய அகழாய்வில், குழிக்குள் பத்திரமாகப் புதைத்து வைத்திருந்த 11 பொம்மை வாத்துகள் கிடைத்தன. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை கொண்டவை. கோரைத்தண்டுகளை வளைத்துக் கட்டி உடலும் தலையும் செய்து, கறுப்பும் செம்மண் நிறமும் பூசி, பக்கவாட்டில் வெள்ளை இறகுகளைச் செருகியிருந்தார்கள். பார்த்த உடனே இது கான்வாஸ்பேக் என்ற முக்குளி வாத்து என்று இனம் சொல்லிவிடலாம். அவ்வளவு துல்லியமான வேலை. துப்பாக்கி இல்லாத காலத்தில், பறவையை வலைக்கோ அம்புக்கோ எட்டும் தூரத்துக்கு வரவழைக்க இத்தகைய பொம்மைகளே துணை. 1995இல் நெவாடா இந்தக் கோரைப் பொம்மை வாத்தைத் தன் மாநிலத் தொல்பொருளாக அறிவித்தது. இன்றைய பிளாஸ்டிக் பொம்மை வாத்துக்கு இதுவே மூதாதை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேட்டை வணிகமானது. அதன் மையங்களுள் முதன்மையானது கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடா. அங்கே நீருக்கடியில் விளையும் காட்டு செலரியைத் தின்று கொழுத்த கான்வாஸ்பேக், பெருநகர விடுதிகளில் உயர்ந்த விலைக்குப் போனது. தட்டைப் படகின் முகப்பில் பொருத்திய பெருந்துப்பாக்கி ஒரே வெடியில், நீரில் கூடியிருந்த கூட்டத்தையே சாய்க்கக்கூடியது. இரயிலும் பனிக்கட்டியும் சரக்கைக் கெடாமல் சந்தைக்குச் சேர்த்தன. உயிருள்ள வாத்தைக் காலில் கட்டி நீரில் விடும் ‘பார்வை’ முறையும் எங்கும் பரவியிருந்தது. இந்த அழிவைச் செய்தவர்கள் சந்தைக்காரர்கள். அதைத் தடுத்து நிறுத்தியவர்களில் முன்னின்றவர்கள் பொழுதுபோக்கு வேட்டைக்காரர்கள்.

சட்டம் படிப்படியாக வந்தது. சட்டவிரோதமாகப் பிடித்த வேட்டை உயிரினங்களை மாநில எல்லை தாண்டி அனுப்புவதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. 1916இல் கனடாவின் சார்பில் பிரிட்டனுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அதை நடைமுறைப்படுத்த 1918இல் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம் நிறைவேறியது. விற்பனைக்கான வேட்டை அதோடு முடிந்தது. இச்சட்டத்தை எதிர்த்து, தன் எல்லைக்குள் பறக்கும் பறவை தனக்கே உரியது என்று மிசூரி மாநிலம் வழக்காடியது. இன்று ஒரு மாநிலத்திலும் நாளை வேறிடத்திலும் இருக்கும் பறவை எந்த ஒரு மாநிலத்துக்கும் சொந்தமாகாது என்ற நிலையில் 1920இல் உச்சநீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானதே. பின்னர் பிரடெரிக் லிங்கன், காலில் வளையமிட்ட பறவைகளின் பதிவுகளைக் கொண்டு அட்லாண்டிக், மிசிசிப்பி, மத்திய, பசிபிக் என நான்கு வலசைப் பாதைகளை வகுத்தார். வேட்டைப் பருவமும் எண்ணிக்கை வரம்பும் இன்றுவரை இந்நான்கின்படியே அமைகின்றன.

1930களின் வறட்சியில் வடபுலப் புல்வெளிக் குட்டைகள் வற்றி, வாத்துகள் இனப்பெருக்கம் செய்யும் இடமே இல்லாமல் போயிற்று. 1934இல் வாத்துத் தபால்தலைச் சட்டம் வந்தது. ‘டிங்’ டார்லிங் என்று அறியப்பட்ட கேலிச்சித்திரக்காரர் ஜே நார்வுட் டார்லிங் முதல் தபால்தலைக்கான படத்தை வரைந்தார்: நீரில் இறங்கும் ஒரு சோடி பச்சைத்தலை வாத்துகள். விலை ஒரு டாலர். இது கடிதத்தில் ஒட்டச் செல்லாது. வேட்டைக்காரர் கட்டும் வரிக்கான சீட்டு. அந்தப் பணத்தால் காப்பாற்றப்பட்ட ஈரநிலமும் வாழிடமும் ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கர். சுடுபவரே நிலத்தை மீட்கும் இந்த ஏற்பாட்டுக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். 1935இல் தானியம் தூவி இழுப்பதும் உயிருள்ள பார்வை வாத்தும் தடைசெய்யப்பட்டன. துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கூடாது என்ற விதியும் வந்தது.

வாத்து வகைகள்

தொடங்குபவர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு பெருங்குழுக்கள். பச்சைத்தலை வாத்து, ஊசிவால், தட்டைவாயன், கிளுவை போன்றவை ஆழமற்ற நீரில் தலையைக் கவிழ்த்து மேய்பவை. கால்கள் உடலின் நடுவில் இருப்பதால் நீரிலிருந்து நேராக மேலே எழும்பும். கான்வாஸ்பேக் முதலான முக்குளி வாத்துகளுக்குக் கால்கள் பின்தள்ளி இருக்கும். எழும்ப வேண்டுமானால் நீர்மேல் சற்றுத் தூரம் ஓடியாக வேண்டும். ஊசிவாலும் தட்டைவாயனும் நம் ஏரிகளுக்கும் குளிர்காலத்தில் வரும் அதே இனங்கள்தான்.

இந்த அறிவு தேர்வுக்கானது அல்ல. அரையிருளில் கறுப்பு உருவாக வரும் பறவையின் இனத்தையும், சிலவற்றில் பாலையும், விசையை அழுத்துமுன் சொல்லத் தெரிய வேண்டும். பல பகுதிகளில் நாளொன்றுக்கு ஆறு வாத்துகள் வரம்பு. அதற்குள் சில இனங்களுக்குத் தனி உள்வரம்பு உண்டு. பச்சைத்தலை வாத்தில் ஆணுக்குப் பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம். பெட்டை பழுப்பு. இரண்டின் இறக்கையிலும் வெள்ளை விளிம்பிட்ட நீலப்பட்டை இருக்கும். பலத்த ‘குவாக்’ ஒலி பெட்டையுடையது. தெரியவில்லை என்றால் சுடாமல் விடுவதே முறை.

தொடக்க நிலையினர் அறிய வேண்டியவை

வேட்டைக் கல்விப் பயிற்சி, மாநில உரிமம், அறுவடைத் தகவல் பதிவு, 16 வயது நிறைந்தவருக்கு வாத்துத் தபால்தலை ஆகியவை வேண்டும். தபால்தலையின் இன்றைய விலை 25 டாலர். துப்பாக்கி 12 அல்லது 20 கேஜ் (குழல் அளவு) போதும். ஈய ரவை 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்குத் தடை. சேற்றில் விழுந்த ஈய ரவைகளை அரைகல் என்று வாத்துகள் விழுங்கும்; இரைப்பை அதை அரைக்க, நஞ்சு உடலில் ஏறும்; செத்த வாத்தைத் தின்னும் கழுகும் சாகும். ஈயத்துக்குப் பதிலாக வந்த எஃகு ரவை காயப்படுத்திவிட்டுப் பறவையைத் தப்ப விடுகிறது என்ற புகாருக்குத் தீர்வு, 40 கஜத்துக்குள் மட்டும் சுடுவது.

சுடும் நேரம் பொதுவாகச் சூரிய உதயத்துக்கு அரைமணி முன் தொடங்கி மறைவோடு முடிகிறது. வாத்து காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே காற்று முதுகில் படும்படி அமர்ந்து, பத்துப் பன்னிரண்டு பொம்மைகளைத் தூண்டில் முள் வளைவில் மிதக்கவிட்டு, நடுவே பறவை இறங்க இடம் விட வேண்டும். மறைவிடத்தில் முகத்தை நிமிர்த்தக் கூடாது. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு வெளிறிய முகமே முதலில் தெரியும். ஊதுகுழலை விடாமல் ஊதுவது புதியவர்களின் பழக்கம். திரும்பிப் போகும் கூட்டத்துக்கு ஊதுவதும், நெருங்கும் கூட்டத்துக்கு ஓய்வதும் நல்லது. ஊதுகுழல் வாசிப்பில் உலகப் போட்டி 1936 முதல் ஆர்க்கன்சாஸின் ஸ்டட்கார்ட் நகரில் நடக்கிறது.

மார்பளவு நீர்க்காலுடை அணிபவர் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். தவறி விழுந்தால் குளிர்நீர் உடைக்குள் வேகமாகப் புகாமல் அது தடுக்கும். மோட்டாரால் ஓடும் படகிலிருந்து சுடக் கூடாது. தானியம் தூவிய இடம், அதை முழுதும் அகற்றிய பின் பத்து நாள் வரை தடைக்குட்பட்டது. தூவியவர் வேறு ஒருவர் என்றாலும், தெரிந்திருக்க வேண்டியவர் தப்ப முடியாது. சுட்ட பறவையை வீடு சேரும்வரை தலையோ முழு இறகுடன் ஒரு இறக்கையோ உடலில் இருக்கும்படி கொண்டுபோக வேண்டும்; இனத்தை அதிகாரி சரிபார்க்க அதுவே வழி. காலில் வளையம் இருந்தால் எண்ணைப் பறவை வளையமிடல் ஆய்வகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். லாப்ரடார், செசபீக் விரிகுடா ரிட்ரீவர் ஆகிய நாய்கள் விழுந்த பறவையை மீட்டுத் தரும். முதல் ஆண்டில் நாய் கட்டாயமில்லை.

இன்றைய நிலை

1970களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் வேட்டைக்காரர்கள் குறைந்துள்ளனர். புதியவர்களைச் சேர்க்க மாநிலங்கள் இளையோருக்குத் தனி வேட்டை நாள்களை ஒதுக்குகின்றன.