மணம் இல்லை என்றால் ஆபத்தும் இல்லையா?

காரைதீவில் வீட்டுக்குப் பெயின்ற் வாங்குபவர்களில் பலர், குழந்தை இருக்கும் வீடென்றால் 'மணமற்றது' என்று எழுதிய வாளியைத்தான் கேட்கிறார்கள். அந்தச் சொல் மூக்கைப் பற்றியது, சுவாசப்பையைப் பற்றியதல்ல. பெயின்ற் காயும்போது வெளியேறும் விஓசி எனப்படும் ஆவிப்பறப்புள்ள சேதனச் சேர்வைகள் சிலவற்றுக்கு மணம் மிகக் குறைவு. என்னைக் கேட்டால், ஒரு லீற்றருக்கு எத்தனை கிராம் விஓசி என்ற எண்ணைத்தான் வாளியில் தேடுவேன். எப்படியானாலும் யன்னல்களைத் திறந்து வையுங்கள்.

சவர்க்காரம், சலவைத்தூளிலும் இதே குழப்பம்தான். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் விளக்கப்படி, 'அன்சென்டட்' என்ற பொருளில் மணத்தை மறைக்கும் இரசாயனம் இருக்கலாம்; 'ஃபிராக்ரன்ஸ் ஃபிறீ' என்றால் அதுவும் இருக்கக்கூடாது. தோல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

மணம் இல்லாமையே ஆபத்தாகும் இடம் சமையலறை. கசிந்தால் தெரியட்டும் என்றே சமையல் காஸில் எத்தில் மேர்கப்டன் சேர்க்கப்படுகிறது. 1937 மார்ச் 18இல் டெக்சாஸின் நியூ லண்டன் பாடசாலையில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். மணமூட்டுவதை டெக்சாஸ் சட்டமாக்கியது அதன் பிறகே. இலங்கையிலும் 2021 இறுதியில் வீடுகளில் காஸ் வெடிப்புகள் தொடர்ந்தபோது, மேர்கப்டன் போதாதென்று கப்பலில் வந்த காஸை இறக்க அனுமதி மறுக்கப்பட்டது.

நுகர்வோரை ஏமாற்றும் கூற்றுகளை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.