பருவுக்கு ஒரு ட்யூப்: கிளிக்மேன் முதல் வாலிகண்டபுரம் வரை

வாலிகண்டபுரம்னு தலைப்புல பார்த்ததும் வாலீஸ்வரர் கோயில், ரஞ்சன்குடி கோட்டை, 1751-ல் அங்கே நடந்த இங்கிலீஷ் – பிரெஞ்சு சண்டைன்னு எதிர்பார்த்து வந்திருப்பீங்க. அதுக்குத் தனி எபிசோடு உண்டு. இன்னைக்கு ஒரு சின்ன ட்யூபோட வரலாறு.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தி பையன், பத்தாவது படிக்கிறான். கன்னம் முழுக்கப் பரு. “அண்ணா, இதைப் போட்டா மூணே நாள்ல போயிடுது. நிறுத்தினா டபுளா வருது”ன்னு ஒரு ட்யூபைக் காட்டினான். திருப்பிப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். எனக்குப் பக்குனு ஆச்சு. அவன் வயசுல நானும் மெடிக்கல்ல போய் “பருவுக்கு ஏதாவது குடுங்கண்ணே”ன்னு கேட்டு வாங்கிப் போட்டது இதே கலவைதான். காலேஜ் முதல் வருஷம் வரைக்கும் வெயில்ல நின்னா முகம் எரியும். க்ரூப் போட்டோன்னா பின்வரிசைக்குப் போயிடுவேன்.

இதுல மூணாவதா இருக்கிற மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. அது வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கும், பரு வர்ற காரணத்தைத் தொடாது. எங்க வேலையில சொல்றதுன்னா, பக்கை சரிபண்ணாம எரர் மெசேஜை மட்டும் மறைக்கிற மாதிரி. வாரக்கணக்கா போட்டா தோல் மெலியும், ரத்தக்குழாய் வெளியே தெரியும், ஸ்டீராய்டே புதுசாப் பருவைக் கிளப்பும். நிறுத்தினா எல்லாம் சேர்ந்து பொங்கும். உடனே கை திரும்பவும் ட்யூபுக்குப் போகும்.

இந்தக் கலவை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவுல ஆல்பர்ட் கிளிக்மேன்னு ஒரு தோல் மருத்துவர். 1975-ல் அவரும் வில்லிஸ்ங்கிற இன்னொருத்தரும் சேர்ந்து, கருமையைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன் மூணையும் கலந்து ஒரு ஃபார்முலா வெளியிட்டாங்க. ஸ்டீராய்டை மாத்தி இந்தியாவுல வித்தது அதோட வாரிசுதான். வேடிக்கை என்னன்னா, முகத்துல ஸ்டீராய்டு போட்டு அதுக்கே அடிமையாகிற நிலையை 1979-ல் ஃப்ராஷ்கூடச் சேர்ந்து எழுதினதும் இதே கிளிக்மேன். ட்ரெட்டினாயின் பருவுக்கு வேலை செய்யும்னு 1969-ல் காட்டின குழுவுலயும் அவர் இருந்தார். 1971-ல் அமெரிக்காவுல அது மருந்தா அங்கீகாரம் வாங்குச்சு. இன்னைக்குக் கடையில கிடைக்கிற அடாபலீன் அந்தக் குடும்பத்துல பின்னாடி வந்தது.

ஆனா இந்த அறிவுக்கு யாரோ விலை கொடுத்திருக்காங்க. 1951-ல் இருந்து 1974 வரை ஃபிலடெல்ஃபியாவுல ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மேல கிளிக்மேன் சோதனைகள் நடத்தினார். அவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பினத்தவர்கள். கையில கொஞ்சம் காசு கிடைக்குமேன்னு முதுகைக் காட்டினவங்களுக்கு என்ன தடவுறாங்கன்னே சரியா சொல்லலை. அந்த நகரம் 2022-லதான் மன்னிப்புக் கேட்டுச்சு. ட்ரெட்டினாயின் ட்யூபைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நம்ம ஊருக்கு வருவோம். டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்துகளோட அட்டவணை ‘ஷெட்யூல் எச்’. அதுல வெளியே பூசுற மருந்துகளுக்கு ஒரு விலக்கு இருந்தது. அந்த ஓட்டை வழியாத்தான் ஸ்டீராய்டு க்ரீம் எல்லாம் சோப்பு மாதிரி வித்துச்சு. 2011-ல் இந்திய தோல் மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முகத்துல பிரச்சினைன்னு வந்த 2,926 பேர்ல 433 பேர் ஸ்டீராய்டு பூசியிருந்தாங்க. பாதிக்கு மேல டாக்டர் அல்லாதவங்க சொல்லித்தான் போட்டிருக்காங்க. சங்கம் விடாம அழுத்தம் கொடுத்து, 2018 மார்ச்சுல 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை மத்திய அரசு எடுத்துச்சு. அப்போ நான் காலேஜ் முடிக்கப் போற நேரம். சித்தி பையன் ஆரம்பப் பள்ளி. சட்டம் வந்த பிறகும் அவன் கையில அதே ட்யூப். சீட்டு இருக்கான்னு யாரும் கேட்கலையாம்.

ட்யூபைத் தூக்கிப் போட்டுடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. திடீர்னு நிறுத்தினா முகம் மோசமாகும்னு எனக்கே அனுபவம். அதனால மறுநாள் பெரம்பலூர்ல தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ஸ்டீராய்டைப் படிப்படியா நிறுத்தி, தோல் ஆறின பிறகு சொன்ன வழக்கம் ரொம்பச் சின்னது. காலையும் ராத்திரியும் காரம் இல்லாத ஃபேஸ்வாஷ், தேய்க்காம. மெலிசா மாய்ஸ்சரைசர். பகல்ல சன்ஸ்க்ரீன். ராத்திரி பரு வர்ற இடம் முழுக்க 2.5 சதவீதம் பென்சாயில் பெராக்சைடு, ஒரு பயறு அளவு. பத்து சதவீதம் வாங்கினா சீக்கிரம் போகுமேன்னு அவன் கேட்டான். 1986-லயே ஒப்பிட்டுப் பார்த்துட்டாங்க: குறைஞ்ச அளவே பருவுக்குக் கிட்டத்தட்ட அதே பலன் தருது, எரிச்சல் கம்மி. அந்த ஆய்வுலயும் கிளிக்மேன் பேர் இருக்கு. மனுஷன் விட்டு வைக்க மாட்டாரு போல.

தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் நெத்தியில வழியாம பார்த்துக்கணும், பருவைக் கிள்ளக்கூடாது. எட்டுல இருந்து பன்னிரண்டு வாரம் பொறுக்கணும். அவனுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம். மூணு நாள்ல ரிசல்ட் பார்த்துப் பழகினவன் ஆச்சே. நாலாவது வாரம் வாட்ஸ்ஆப்ல “அண்ணா, ஒண்ணும் ஆகலை”. ஏழாவது வாரம் போட்டோ மட்டும் வந்துச்சு. கன்னத்துல புதுப் பரு ரெண்டே ரெண்டு.

நேத்து சித்தி போன். பெராக்சைடு துணியை வெளுக்கும்னு நான் முன்னாடியே சொல்லலையாம். புதுத் தலையணை உறை ரெண்டும் திட்டுத்திட்டா வெளுத்துப் போச்சாம், நான்தான் வாங்கித் தரணுமாம்.