மனனமும் உணவும்: பலாதுர் தரும் பாடம்

ஏட்டைக் காட்டிலும் நெஞ்சையே அறிவின் முதற் களஞ்சியமாகக் கொண்டு வளர்ந்தது இஸ்லாமியக் கல்வி மரபு. குர்ஆனையும், அறிவிப்பாளர் வரிசையோடு நபிமொழிகளையும் மனனம் செய்வது அம்மரபின் அடித்தளம். ஆகவே, மூளைக்கு வலுவூட்டும் உணவு எது என்னும் வினா மருத்துவர்களை மட்டுமன்றி, ஹதீஸ் கலை அறிஞர்களையும் ஆட்கொண்டிருந்தது. அதற்கு முன்னோர் கண்ட விடைகளை இரு வகையாகப் பகுக்கலாம். ஒன்று அன்றாட உணவின் வழி. மற்றொன்று கடும் மருந்தின் வழி. இவ்விரு வழிகளின் வரலாற்றையும் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

ஹிஜ்ரி 124இல் (கி.பி. 742) மறைந்த இமாம் இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ (ரஹ்) ஹதீஸ் தொகுப்பின் முன்னோடிகளுள் ஒருவர். நபிமொழிகளை மனனம் செய்ய விழைவோர் உலர்திராட்சை உண்ண வேண்டும் என்றும், தேன் நினைவுக்கு நலம் பயக்கும் என்றும் அவர் அறிவுறுத்தியதாகக் குறிப்புகள் உள்ளன.

அவருக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் பிற்பட்டவர் புர்ஹானுத்தீன் அஸ்ஸர்னூஜீ. ஹனஃபீ சட்ட நூலான ஹிதாயாவின் ஆசிரியர் மர்கீனானீயிடம் பயின்றவர். மாணவர் ஒழுக்கம் பற்றி அவர் எழுதிய ‘தஃலீமுல் முதஅல்லிம்’ இந்திய மதரஸாக்களில் இன்றும் பயிலப்படும் நூல். நினைவாற்றலை வளர்ப்பவை, மறதியை உண்டாக்குபவை ஆகியவற்றுக்கென அதில் தனி இயல் ஒன்றுண்டு. முயற்சி, இடைவிடாமை, அளவான உணவு, இரவுத் தொழுகை, குர்ஆன் ஓதுதல் ஆகியவை அங்கே முதலிடம் பெறுகின்றன. அவற்றின் பின்னரே தேன், சர்க்கரை சேர்த்த குந்திரிக்கம், நாள்தோறும் வெறும் வயிற்றில் உண்ணும் 21 சிவப்பு உலர்திராட்சைகள் ஆகியவை வருகின்றன. புளிப்பு ஆப்பிளும் பச்சைக் கொத்தமல்லியும் மறதி தருவன என்கிறார் ஆசிரியர்.

இப்பட்டியலுக்கு அடிப்படை, கிரேக்க அறிஞர் காலனிடமிருந்து வந்த மருத்துவக் கொள்கை. மூளையில் குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்தால் மறதி தோன்றும். கபத்தைக் குறைப்பவை நினைவைக் கூட்டும் என்பது அதன் சாரம். அக்கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. கொத்தமல்லியை அஞ்சி ஒதுக்க வேண்டிய தேவையும் நமக்கில்லை. ஆயினும், மனம் ஊன்றிய உழைப்பையும் அளவறிந்து உண்பதையும் முன்வைத்து, தனிப் பண்டங்களைப் பின்வைத்த அந்த வரிசைமுறை எண்ணத்தக்கது.

இனி, இரண்டாம் வழி. அரபு மருத்துவர்கள் ‘பலாதுர்’ என்றழைத்த கொட்டை இந்தியாவிலிருந்து சென்றது. வடமொழியில் அது பல்லாதகம், தமிழில் சேங்கொட்டை. சலவைத் துணிகளில் அழியாக் குறியிட வண்ணார் பயன்படுத்தியது இதன் கறுஞ்சாற்றைத்தான். தோலிற் பட்டால் கொப்புளங்களை எழுப்பும் சாறு அது. வெப்பமும் வறட்சியும் மிக்கதாகையால், குளிர்ந்த மூளைக்கு ஏற்ற மருந்தென அன்று கருதப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் கைரவான் நகர மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் மறதி நோய்க்கென்றே ஒரு சிறுநூல் இயற்றினார். பின்னர் அது இலத்தீனுக்கும் சென்றது. இப்னு ஸீனா (மறைவு 1037) தமது ‘அல்கானூன்’ நூலில், பலாதுர் நினைவுக் கோளாறுக்கு உதவும் என ஒப்புக்கொண்டார். அதே வேளை, அது நஞ்சுகளுள் ஒன்று, மனக்கலக்கத்தை விளைவிக்கக் கூடியது என எச்சரிக்கவும் செய்தார்.

அவ்வெச்சரிக்கைக்குச் சான்றாக ஒரு பெயரே நிலைத்துவிட்டது. சிந்து வெற்றியின் வரலாற்றுக்கு இன்றும் முதன்மை ஆதாரமாக விளங்கும் ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலின் ஆசிரியர் அஹ்மத் இப்னு யஹ்யா, கி.பி. 892ஐ ஒட்டி மறைந்தவர். தன்மை அறியாமல் பலாதுர்ச் சாற்றைப் பருகியதால் அவர் இறுதிக் காலத்தில் சித்தம் கலங்கினார் என்கிறார் இப்னு நதீம். அவர் ‘அல்பலாதுரீ’ என அறியப்படுவது இதனாலேயே என்பர். பருகியவர் இவரா, இவர்தம் பாட்டனாரா என்பதில் யாகூத் ஐயம் தெரிவித்துள்ளார். எவராயினும், அறிவைப் பெருக்கும் ஆசையே அறிவைக் கலைத்தது என்னும் நினைவு அப்பெயரில் பதிந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவ்விரு வழிகளை நமக்கு நினைவூட்டுகிறது. காய்கனி, பருப்பு, முழுத்தானியம், மீன், ஒலிவ எண்ணெய் சார்ந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவுமுறை, மூளைத் தேய்வின் இடரைக் குறைக்கப் பரிந்துரைக்கத் தக்கது என்கிறது அது. ஆனால், பி, ஈ வைட்டமின் மாத்திரைகளையும் மீனெண்ணெய் போன்ற கொழுப்பமிலத் துணைப்பொருள்களையும் அந்நோக்கத்திற்காகப் பரிந்துரைக்கவில்லை.

குர்ஆனை மனனம் செய்யும் சிறாருக்கும், தேர்வெழுதும் மாணவருக்கும் நினைவாற்றல் லேகியங்களும் மாத்திரைகளும் விற்கப்படும் காலம் இது. பிள்ளைகளின் மீதுள்ள அன்பினாலேயே பெற்றோர் அவற்றை வாங்குகின்றனர். அவர்கள் ஸுஹ்ரீயின் உலர்திராட்சையையும் பலாதுரீயின் பெயரையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது நலம். உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறலாகாது என்பது இறைக்கட்டளை. நல்லுணவு, போதிய உறக்கம், இடைவிடா ஓதல் ஆகியவற்றுக்கு மாற்றாக ஒரு மிடறு மருந்தை நம் முன்னோர் தேடியபோது நேர்ந்ததை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. அதை மறவாதிருப்பதும் நினைவாற்றலின் பயன்களுள் ஒன்றே.