மோரிஸ் மைனர் தந்த கைவேலை



நம் ஊர்களில் இன்னும் ஓடும் மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது.

அப்போதுதான் நம் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியும் இறுகியது. புதுக் காரும் இல்லை, பாகங்களும் அரிது. இருந்ததைத் திருத்தித்தான் ஓட வேண்டும். பிளக்கைத் துடைப்பது, பொயின்ட் இடைவெளியைச் சரிசெய்வது, கிரீஸ் அடிப்பது எல்லாம் நம் வாப்பாமார் பலருக்கு வீட்டு வேலையானது. முன்சக்கரத்தைத் தாங்கும் மரைகளுக்குக் கிரீஸ் தவறினால், அவை தேய்ந்து ஓட்டத்திலேயே சக்கரம் மடிந்துவிடும். அதனால் கிரீஸ் கணக்கு தவறவிடக் கூடாத கணக்கு.

பிற்காலத்தில் இலங்கையில் செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இடையில் பழைய கார்தான் நமக்குத் துணை. ஆனால் அதன் நாடி தெரிந்த பாஸ்மார் வயதாகிப் போகிறார்கள்.

இந்த லீவில் பொனட்டைத் திறப்போம். மகன்மாரோடு மகள்மாரையும் பக்கத்தில் நிறுத்துவோம். தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம், இன்ஷா அல்லாஹ்.