தூதர் ஒருவரின் மனச்சான்று

இங்கிலாந்தைத் திருத்தந்தையோடு மீண்டும் இணைக்க அரசி மேரி 1555-இல் உரோமைக்கு அனுப்பிய தூதர்களுள் ஒருவர் ஆன்டனி பிரவுன் என்ற மான்டேகு பிரபு. மேரி இறந்தார்; எலிசபெத் அரியணை ஏறினார். நாட்டின் திருச்சபை முழுவதையும் அரசியின் ஆட்சியின்கீழ் கொண்டுவரும் சட்டத்தை 1559-இல் மான்டேகு மேலவையில் எதிர்த்தார். ஆனாலும் மறு ஆண்டே அதே அரசி அவரை ஸ்பெயினுக்குத் தூதராக அனுப்பினார்! அவருடைய நேர்மையை அரசியும் அறிந்திருந்தார் போலும்.

1563-இல் வந்த சட்டம் கொடியது. அரசியின் அதிகாரத்தை ஏற்று ஆணையிட இரண்டாம் முறையும் மறுத்தால் மரண தண்டனை. மான்டேகு எழுந்தார். கத்தோலிக்கர் கலகக்காரர் அல்லர், வற்புறுத்தி யாரையும் நம்பவைக்க முடியாது என்று வாதாடினார். சட்டம் நிறைவேறிவிட்டது. பிரபுக்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆபத்தெல்லாம் குருக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய பேட்டில் இல்லம், எட்டாம் ஹென்றி துறவியரிடமிருந்து பறித்து அவர் தந்தைக்குக் கொடுத்த மடம். அங்கிருந்த கோவிலை இடித்தவரும் அந்தத் தந்தையே. 1592-இல் மான்டேகு இறந்தார். அவருடைய துணைவியார் மக்தலேன் அதே இடத்தில் குருக்களுக்குப் புகலிடம் தந்து, சிற்றாலயம் அமைத்தார். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டைச் 'சின்ன உரோமை' என்று அழைத்தார்கள்.